ஆடியது பெடலா, காலா

ஒரு நாள் காலையில் என் வீட்டுக்காரர் கார்ச் சாவியைக் கொண்டுவந்து என் கைப்பைக்குள் போட்டார். "இனி நீயே ஓட்டிக்க புள்ள. எனக்கு முதுகு புடிச்சுக்குது" என்றார். மிளகு பறிக்க ஏணி போட்டு மரம் மரமாக ஏறி இறங்கும்போது பிடிக்காத முதுகு, மெத்தை வைத்த சீட்டில் உட்கார்ந்தால் பிடிக்கிறதாம். வேறு சமயமாக இருந்தால் அதைச் சொல்லிச் சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

அவர் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தப் பஸ்ஸில் தினமும் முன்சீட்டில் உட்கார்ந்து மலைமேல் இருந்த பள்ளிக்கூடத்துக்கு வந்துபோன தமிழ் டீச்சர் நான். வளைவில் அவர் வண்டியைத் திருப்புகிற அழகைப் பார்த்து மயங்கித்தான் கட்டிக்கொண்டேன் என்று இரண்டு வீட்டிலும் பேசிக்கொள்வார்கள். முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். வேலையெல்லாம் முடிந்த பிறகு வாழவந்திப் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டமும் ஒரு சின்ன வீடுமாக மலையிலேயே தங்கிவிட்டோம்.

அப்படிப்பட்ட மனிதர் சாவியைக் கொடுத்தார் என்றால் லேசான விஷயம் இல்லை. கோயிலுக்குப் போனால் பர்ஸ், போன், கண்ணாடி எல்லாவற்றையும் என் பையில் போடுவார். சாவி மட்டும் அவர் சட்டைப் பையிலேயே இருக்கும்.

அது மின்சாரக் கார். பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் தான் ஓட்டிக்கொண்டிருந்ததை எங்களுக்குக் கொடுத்துவிட்டு வேறு வாங்கிக்கொண்டாள். கிளட்சும் இல்லை, கியரும் இல்லை என்பதால் ஓய்வு பெற்ற வயதில் நானும் ஓட்டக் கற்றுக்கொண்டேன். இந்த வண்டியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே போதும், தானாகவே வேகம் குறையும். மோட்டாரே சக்கரத்தை இழுத்துப் பிடித்து, அந்த இழுப்பைக் கரண்டாக்கிப் பேட்டரிக்கு அனுப்பிவிடும். மகள் அதற்கு 'ரீஜென்' என்று பேர் சொன்னாள். ரீஜெனைக் கூட்டி வைத்தால் மலையில் இறங்க இறங்கப் பேட்டரி ஏறும். எனக்கு அது அதிசயமாக இருந்தது. அவருக்கோ பிடிக்கவே இல்லை. "நான் மிதிக்காம வண்டி எப்புடி புள்ள மெதுவாகும்? இன்னொருத்தன் உள்ள உக்காந்துக்கிட்டு பிரேக்கு புடிக்கற மாதிரியே இருக்குது" என்பார். அவர் ஓட்டும்போது அதை அடிமட்டத்துக்குக் குறைத்துவிடுவார். நான் ஓட்டும்போது உச்சத்தில் வைத்துக்கொண்டு பிரேக்கைத் தொடாமலே ஊருக்குள் ஒண்டிக்கடை முக்குக்கும் ஏரிப் பக்கமும் போய்வருவேன்.

அவருக்கு இன்னும் இரண்டு பழக்கம் உண்டு. இரண்டும் பஸ்ஸிலிருந்து வந்தவை. ஒன்று, மலை இறங்குவதற்கு முதல் நாளே சார்ஜ் போட்டு, நூறு காட்டிய பிறகுதான் வயரைப் பிடுங்குவார். எண்பதோடு நிறுத்துங்கள், பேட்டரிக்கு நல்லது என்று மகள் எத்தனையோ முறை சொன்னாள். "டேங்க ரொப்பாம ஊரு தாண்டறவன் டிரைவரா சாமி?" என்று அவளை அடக்கிவிட்டார்.

இன்னொன்று முனியப்பன். மலைப்பாதை முடிகிற அடிவாரத்தில் ரோட்டோரம் ஒரு முனியப்பன் நிற்கிறார். பஸ் ஓட்டிய நாளில் பத்திரமாக இறங்கியதற்கு அங்கே வண்டியை நிறுத்துவார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். இவர் கால் பிரேக்கிலேயே இருக்கும். கண்டக்டர் குதித்து ஓடிக் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, திருநீற்றைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக இவர் நெற்றியில் பூசுவார். கார் வந்த பிறகும் அதே வழக்கம்தான். கண்டக்டர் வேலை எனக்கு வந்தது. விசில் மட்டும்தான் இல்லை. "பார்க்கிங்ல போட்டுட்டு நீங்களும் எறங்கிக் கும்பிட்டா என்னங்க?" என்று கேட்டால், "டிரைவருக்குக் காலுதான் புள்ள கைபிரேக்கு" என்பார். நான் ரெட்டைக் கற்பூரம் கொளுத்தி, அது அணைகிற வரைக்கும் நின்று, சாவகாசமாகத் திரும்பி வருவேன். அதுவரை அவர் மிதித்தபடியே இருப்பார்.

போன மழைக்காலத்தில் அவருடைய வலது கை லேசாக நடுங்க ஆரம்பித்தது. முதலில் காப்பி டம்ளரில் தெரிந்தது. கேட்டால் குளிர் என்றார். இன்னொரு நாள் டம்ளர் ததும்பி வேட்டியில் கொட்டியபோது முகம் சுண்டிப்போயிற்று. "டம்ளர் சுடுதுங்க. எனக்குந்தான் ஆடுச்சு" என்று நான் பொய் சொன்னேன். அவரும் நம்புகிற மாதிரி தலையாட்டினார்.

அதற்குச் சில வாரம் கழித்துச் சேலம் போய்வந்த ஒரு நாள், "பிரேக்க மிதிச்சா பெடலு துடிக்குது புள்ள. நாடி பாக்கற மாதிரி, விட்டு விட்டு" என்றார். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த பையன் பக்கத்துச் சமவெளி ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "வண்டி சூப்பரா இருக்குதுங்கய்யா, ஒண்ணுமே இல்லைங்க" என்றான். அவர் என் பக்கம் திரும்பி, "நீ ஓட்டறப்ப துடிக்குதா?" என்று கேட்டார். "இல்லைங்களே" என்றேன். அது சத்தியமான உண்மை. நான்தான் பிரேக்கையே தொடுவதில்லையே.

அடுத்த முறை மலை இறங்கும்போது பக்கத்து சீட்டிலிருந்து கீழே குனிந்து பார்த்தேன். பெடல்மேல் இருந்த அவருடைய வலது கால், முழங்கால்வரை, வேட்டிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையும் நடுங்கியது. கையில் ஆரம்பித்தது காலுக்கும் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முனியப்பனிடம் அன்றைக்கு நான் வேண்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது. கடவுளிடம் அப்படிப் பேசக் கூடாது.

அன்றிலிருந்து அவர் பெடலைப் பற்றிய பேச்சையே எடுக்கவில்லை. வேறு மெக்கானிக்கிடம் காட்டலாமா என்று நானாகவே கேட்டேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம். வண்டிய எதுக்குக் குத்தம் சொல்லோணும்?" என்றார். அடுத்த வாரம் சாவி என் பைக்கு வந்தது.

அதற்குப் பிறகு மலைமேலே எங்கே போனாலும் நான்தான் ஓட்டினேன். இடது பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வருவார். ஒடித்துத் திருப்பினாலும் சரி, வளைவில் ஹாரன் அடிக்க மறந்தாலும் சரி, வாயைத் திறக்க மாட்டார். நான் ஓட்டக் கற்றுக்கொண்ட நாளில் ஒரு வளைவுக்கு ஒன்பது குறை சொன்னவர். அந்தக் குறைகளை எல்லாம் திரும்பக் கேட்க மாட்டோமா என்று ஏங்கிப்போனேன். அவருக்கு நோய் வந்திருக்கலாம் என்பதைவிட, அவர் ஏற்கெனவே தோற்றுவிட்டார் என்பதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சேலத்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் நாள் வாங்கிக் கொடுத்தாள். கையைக் காட்டிவிட்டு வரலாம் என்று சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தேன். கால் என்ற வார்த்தையை நான் உச்சரிக்கவில்லை, அவரும் உச்சரிக்கவில்லை.

புறப்பட்ட அன்று வண்டியில் உட்கார்ந்ததும் பார்த்தேன், பேட்டரி நூறு காட்டியது. ஓட்டாவிட்டாலும் டிரைவர் டிரைவர்தான். எனக்குத் தெரியாமல் சார்ஜ் போட்டிருக்கிறார். ஒன்றும் சொல்லாமல் கிளம்பினேன். மேலே பனிமூட்டம். ஊர் எல்லை தாண்டி இறக்கம் ஆரம்பித்ததும் வழக்கம்போல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வண்டி மெதுவாகவில்லை. அது பாட்டுக்கு இறங்கி ஓடியது.

"பிரேக்கு புள்ள, பிரேக்கு. பதறாத, மெதுவா மிதி" என்றார். பல நாள் கழித்துக் கேட்ட டிரைவர் குரல். மிதித்தேன். ஒரு வளைவு தாண்டியது, இன்னொரு வளைவு தாண்டியது. வளைவுக்கு வளைவு மிதித்தேன். திடீரென்று என் பாதத்தின் அடியில் ஏதோ துடித்தது. பயத்தில் என் காலே நடுங்குகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். காலை எடுத்தேன், நடுக்கம் நின்றது. வைத்து அழுத்தினேன், தட் தட் தட் என்று பெடல் என் காலை மேலே தள்ளியது. வேகம் குறையக் குறைய அந்தத் துடிப்பும் மெதுவாகி அடங்கியது. ஸ்டியரிங்கும் கைக்குள் அதிர்ந்தது.

ரோடு அகலமாக இருந்த ஓர் இடத்தில் ஓரம்கட்டி, பார்க்கிங்கில் போட்டேன். சக்கரத்திலிருந்து காந்தல் வாடை வந்தது. ஒரு குரங்கு பானெட்மேல் ஏறி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது. "ஏனுங்க, துடிக்குதுங்க! பெடலு துடிக்குதுங்க!" என்று கத்தினேன். வண்டி கெட்டதற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட பெண்பிள்ளை இந்த மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கு டம்ளர் சுடுதுன்ன. இன்னிக்குப் பெடலு துடிக்குதுங்கற."

"என் காலைப் பாருங்க, நானே மிதிச்சுக் காட்டறேன்" என்றேன். "நீ பயந்துட்ட புள்ள. பயத்துல நடுங்குது" என்றார். சரி, நீங்களே ஓட்டிப் பாருங்கள் என்றால் அதுவும் பயனில்லை. அவர் மிதித்தால் பெடல் காலை ஆட்டுகிறதா, கால் பெடலை ஆட்டுகிறதா என்று அவருக்கே தெரியாது. நான் மிதித்தால் நான் சொல்வதை அவர் நம்ப மாட்டார். அன்பினால் சொன்ன பொய்க்கும் ஒரு நாள் வட்டி கட்ட வேண்டியிருக்கிறது.

வண்டி ஏன் இழுத்துப் பிடிக்கவில்லை என்பதும் அங்கே நின்றபோதுதான் புரிந்தது. பேட்டரி நிறைந்திருப்பதால் ரீஜென் வேலை செய்யாது என்று திரையில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. நிறைகுடத்தில் மேலே தண்ணீர் ஊற்ற முடியாதல்லவா? கரண்டு போக இடமில்லை, அதனால் மோட்டார் இழுக்கவில்லை, மலை இறக்கம் முழுவதையும் பிரேக் ஒற்றையாகச் சுமக்கிறது. அவர் ஒவ்வொரு முறையும் நூறு ஏற்றிக்கொண்டு, ரீஜெனையும் குறைத்துக்கொண்டு இப்படித்தான் இறங்கியிருக்கிறார். சக்கரம் ஆறும்வரை காத்திருந்துவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து இறங்கினோம்.

டாக்டர் பொறுமைசாலி. நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், காலை நீட்டச் சொன்னார். கை நடுக்கத்துக்கு மாத்திரை எழுதி, சில மாதம் கழித்து வந்து காட்டச் சொன்னார். இப்போதைக்குக் காலில் தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். நான் மூச்சு விட்டேன். படியிறங்கும்போது அவர், "ஏசி ரூம்புல காலு ஆடாது புள்ள. மலையில மிதிச்சுல்ல பாக்கோணும்?" என்றார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். டாக்டரால் ஓட்ட முடியாத பேயை வேறு யாராவதுதான் ஓட்ட வேண்டும்.

மகள் போனில் விசாரித்துச் சொன்ன ஒரு பட்டறைக்கு நேரே விட்டேன். பட்டறைக்காரர் நாற்பது வயதுக்காரர், வாய் ஓயாத மனிதர். வீல் நட்டுகளை ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் முடுக்கியிருப்பார்கள், அதுதான் காரணம் என்று அடித்துச் சொன்னார். எல்லாவற்றையும் தளர்த்தி ஒன்றுக்கொன்று எதிராக முடுக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தார். ரீஜெனை முழுக்கக் குறைத்துவிட்டு மிதிக்கச் சொல்லி நான்தான் கேட்டுக்கொண்டேன். திரும்பி வந்து, "துடிக்குதுங்கம்மா. நான் சொன்னது தப்புங்க" என்று சிரித்தார்.

என் வீட்டுக்காரர் அதையும் நம்பவில்லை. பட்டறைக்காரரிடம் நான் முன்கூட்டியே பேசி வைத்துவிட்டேன் என்று நினைக்கிறார் என்பது அவர் நின்ற தினுசிலேயே தெரிந்தது.

முன்சக்கரத்தைக் கழற்றினார்கள். உள்ளே பளபளவென்று இருக்க வேண்டிய பிரேக் டிஸ்க்கில் ஓரிடத்தில் மட்டும் கருநீலமாக ஒரு திட்டு, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேடின் அச்சாகவே இருந்தது. பட்டறைக்காரர் கடிகாரம் போன்ற ஒரு கருவியைக் கொண்டுவந்து, அதன் முனை டிஸ்க்கைத் தொடுகிற மாதிரிப் பொருத்தினார். டிஸ்க் நேராக இருந்தால் முள் அசையாது, கோணலாக இருந்தால் ஆடும் என்றார். "ஐயா, நீங்களே சுத்துங்க" என்றார். இவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து டிஸ்க்கைச் சுற்றினேன். முள் சும்மா இருந்தது. அந்தத் திட்டு வந்ததும் துள்ளியது. திட்டு போனதும் அடங்கியது.

"இன்னொருக்கா" என்றார் அவர். சுற்றினேன். அதே இடத்தில் துள்ளியது.

"இன்னொருக்கா."

அவரும் என் பக்கத்தில் குந்திவிட்டார். அந்த முள்ளுக்குக் காலும் கிடையாது, என்மேல் பாசமும் கிடையாது, பொய் சொல்லி ஆறுதல்படுத்த அதற்கு ஒரு அவசியமும் இல்லை. நாலாவது சுற்றை அவரே சுற்றினார், நடுங்குகிற கையால்தான். முள் அந்த இடத்தில்தான் துள்ளியது, வேறு எங்கேயும் இல்லை. பட்டறைக்காரர் அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

"நல்லாச் சூடா இருக்கறப்ப பேடு ஒரே எடத்துல புடிச்சு நின்னிருக்குதுங்க. நொம்ப நாளா இப்புடி நடந்திருக்குது. மலை எறங்குன ஒடனே எங்கயாச்சும் பிரேக்க மிதிச்சுக்கிட்டே நிறுத்துவீங்களா?" என்று கேட்டார்.

முனியப்பன் முன்னால் நிறுத்துவோமே! ரெட்டைக் கற்பூரம் கொளுத்திய குற்றவாளி நான்.

"பஸ்ஸுல ஒண்ணும் ஆகலியே" என்றார் அவர். "அது டிரம் பிரேக்குங்கய்யா, தாங்கும். இது வேற" என்றார் பட்டறைக்காரர். அதற்குப் பிறகு பஸ்காரர் விடவில்லை. எத்தனை சூட்டில் அச்சு விழும், டிஸ்க்கைச் செதுக்கினால் கனம் எவ்வளவு மிஞ்ச வேண்டும், பின்சக்கரத்தையும் பார்த்தாயா என்று அந்த வாய் ஓயாத மனிதரையே ஓயவைத்துவிட்டார். நான் வாசலுக்குப் போய், அங்கே அடுக்கியிருந்த டயர்மேல் உட்கார்ந்து, தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். உள்ளே அவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

டிஸ்க்குகளை லேத்தில் கொடுத்துச் சீராகச் செதுக்கினார்கள். டிஸ்க் உட்கார்கிற இடத்தில் இருந்த துருவைத் தேய்த்து எடுத்து, புதுப் பேடு போட்டார்கள். புதுப் பேடு டிஸ்க்கோடு பழக வேண்டும், பைபாஸ் ரோட்டுக்குப் போய் வேகம் எடுப்பதும் குறைப்பதுமாகப் பலமுறை ஓட்டுங்கள், சூடு ஆறும்வரை முழுதாக மிதித்து நிறுத்தாதீர்கள் என்றார் பட்டறைக்காரர். "யாருங்க ஓட்டறீங்க?"

நான் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினேன். அவர் தன் வலது கையைப் பார்த்தார். அது நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை வேட்டி மடிப்பில் துடைத்துவிட்டு, அந்தக் கையாலேயே வாங்கிக்கொண்டார்.

பைபாஸில் போகும்போது, "துடிக்குதுங்களா?" என்று கேட்டேன். அவர் வேகம் எடுத்தார், குறைத்தார். "ஏனுங்க, துடிக்குதுங்களா?"

"பேசாம வா புள்ள. வண்டி ஓட்டறப்ப டிரைவர்கிட்டப் பேசக் கூடாதுன்னு பஸ்ஸுல எழுதியிருந்தத நீ படிச்சதே இல்லையா? பெரிய டீச்சரு" என்றார்.

சில நாள் கழித்து மறுபடியும் சேலம் போனோம். எண்பது காட்டியதும் அவரே வயரைப் பிடுங்கினார், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. ரீஜெனை உச்சத்தில் வைக்க மனசு வரவில்லை, நடுவில் வைத்தார். பாதி மலை இறங்கும்போது பேட்டரி நம்பர் ஏறியிருப்பதைக் கண்டுவிட்டு, என்னிடம் காட்டாமல் தனக்குள்ளே சிரித்துக்கொண்டார்.

அடிவாரத்தில் முனியப்பன் முன்னால் நிறுத்தினார். நான் இறங்கி ஒற்றைக் கற்பூரம் கொளுத்தினேன். திருநீற்றோடு ஜன்னலுக்கு வந்தேன்.

வண்டி பார்க்கிங்கில் இருந்தது. அவர் சீட்டைப் பின்னால் தள்ளியிருந்தார். வேட்டியை முழங்கால்வரை ஏற்றிக்கொண்டு, இரண்டு காலையும் பெடலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தூக்கி, அந்தரத்தில் நிறுத்திப் பிடித்திருந்தார்.

"இங்க பாரு புள்ள. ஆடுதா?"

"இல்லைங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லு. டம்ளர் சுடுதுன்னு சொல்லாத."

ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். நரம்பு புடைத்த, ரப்பர் செருப்புப் போட்ட இரண்டு கால்கள். ஆடவில்லை. ஸ்டியரிங்மேல் இருந்த கை மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"அது கெடக்குது. அதுக்குத்தான் மாத்திர இருக்குதுல்ல" என்றார்.

"சத்தியமா ஆடலைங்க" என்றேன். நெற்றியில் பூசியது போக மீதித் திருநீற்றை, எட்டி அவர் முழங்காலில் பூசினேன். பிறகு சுற்றிவந்து ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, "போலாம், ரைட்" என்றேன்.